பெரிய சாரின் பந்து எப்போதும் உள்ளே

என்னை வளர்த்து ஆளாக்கியவர்கள் இவ்வளவு பேர் என்று போன மாதம்தான் எனக்குத் தெரிந்தது. அரியலூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் எனக்குப் பாராட்டு விழா வைத்தார்கள். மேடையில் நாற்காலி போதாமல் சாப்பாட்டுக் கூடத்திலிருந்து பிளாஸ்டிக் நாற்காலிகளைத் தூக்கிவந்து போட்டார்கள். உட்கார்ந்த அத்தனை பேரும் என்னை வளர்த்தவர்கள். ஒருவர், நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் என்னைப் பார்த்தாராம். பார்த்ததோடு சரி. ஆனால் அப்போதே அவருக்குத் தெரிந்துவிட்டதாம், இந்தப் பிள்ளை எங்கேயோ போகப்போகிறது என்று. தெரிந்தவர் அன்றைக்கு ஒரு டீயாவது வாங்கிக் கொடுத்திருக்கலாம்.

மண்டப வாசலில் பெரிய பிளக்ஸ். முகம் என்னுடையதுதான். கையில் இருந்தது இறகுப்பந்து மட்டை. அதைச் சொன்னபோது பிளக்ஸ் அடித்தவர், "எல்லாம் வல கட்டி அடிக்கிறதுதானங்க மேடம்" என்றார். எங்கள் ஊர் டென்னிஸைப் பற்றி வைத்திருக்கும் அபிப்பிராயத்தை அவரைவிடச் சுருக்கமாக யாராலும் சொல்ல முடியாது.

கடைசியாக மைக்கைப் பிடித்தவர் பெரிய சார். சிமெண்ட் ஆலையின் தலைமை அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்று இப்போது திருச்சியில் இருக்கிறார். விழாவுக்கென்றே காரில் வந்திருந்தார். "இந்தப் பொண்ணு என் கோர்ட்ல வளந்தவ. நான் அடிச்ச பந்தத் திருப்பி அடிச்சு அடிச்சுத்தான் டென்னிஸ் கத்துக்கிட்டா" என்றார். கைதட்டல் அடங்க நேரமாயிற்று. அவர் சொன்னதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. எப்படிக் கற்றுக்கொண்டேன் என்பதை மட்டும் அவர் சொல்லவில்லை. அதை நான் சொல்கிறேன்.

என் அப்பா அந்த ஆலையில் எலெக்ட்ரீஷியன். ஆலையை ஒட்டிய குடியிருப்பில் தொழிலாளர் வீடுகள் ஒரு பக்கம், அதிகாரிகள் வீடுகள் மறு பக்கம். நடுவில் ஆபீசர்ஸ் கிளப்பும் அதன் டென்னிஸ் கோர்ட்டும். நடுவில் என்றாலும் அதன் கேட் அதிகாரிகள் பக்கம் மட்டுமே திறக்கும். எங்கள் பக்கம் கம்பிவலை. கோர்ட்டின் விளக்குகள், தண்ணீர் மோட்டார் எல்லாம் அப்பாவின் பொறுப்பு. சாயங்காலமானால் அவர் அங்கேதான் இருப்பார். அவருக்கு டீத்தூக்கு கொண்டுபோகும் சாக்கில் நானும் அங்கேதான் இருப்பேன்.

கோர்ட் சொந்தச் சிமெண்டில் போட்டது. சுண்ணாம்புக்கல் தூசி நாள் முழுக்க அதன்மேல் இறங்கி, சாயங்காலத்திற்குள் வெள்ளைக் கோடுகள் எங்கே என்று தேட வேண்டியிருக்கும். அதிகாரிகள் வருவதற்கு முன்னால் அப்பா குனிந்துகொண்டே போய் ஈரத்துணியால் ஒவ்வொரு கோடாகத் துடைப்பார். அவர் துடைத்தபின் அந்தக் கோடுகள் வேட்டிக் கரை மாதிரி பளிச்சென்று தெரியும். தெளிவாகத் தெரியவேண்டும் என்பதற்காகத்தான் துடைத்தார். தெரிந்ததைச் சொல்வது வேறு விஷயம்.

அங்கே ஒரு வழக்கம் இருந்தது. தினமும் நான்கு அதிகாரிகள் ஜோடி ஜோடியாக ஆடுவார்கள்: பெரிய சார், ஆலை ஆஸ்பத்திரி டாக்டர், கணக்குப் பிரிவு சார், ஸ்டோர்ஸ் சார். நான்கு பேருக்கும் மற்றவரின் கிரேடு என்ன என்பது தூக்கத்தில் கேட்டாலும் தெரியும். பெரிய சாரின் பந்து கோட்டைத் தாண்டி விழுந்தால் அதை 'அவுட்' என்று சொல்ல ஸ்டோர்ஸ் சாருக்கு வாய் வராது. 'இன்' என்று சொல்லவும் கொஞ்சம் கூச்சம், படித்தவர் இல்லையா. அதனால் விளக்குக் கம்பத்தடியில் நிற்கும் அப்பாவைக் கேட்பார்கள். "என்னப்பா, உள்ளயா வெளியயா?"

அப்பா உடனே சொல்லமாட்டார். பக்கத்தில் போவார். முழங்காலில் கை ஊன்றிக் குனிந்து தரையைப் பார்ப்பார். கொஞ்சம் யோசிப்பார். பிறகு, "உள்ளதாங்க சார், கோட்டத் தொட்டுருக்கு" என்பார். பெரிய சாரின் பந்து எப்போதும் உள்ளே. பெரிய சாருக்கு எதிராக அடித்த பந்து, கோட்டுக்குக் கொஞ்சம் பக்கத்தில் விழுந்தாலே வெளியே. டாக்டர் பந்துக்கு அதற்கு அடுத்த மரியாதை. கணக்கு சாரும் ஸ்டோர்ஸ் சாரும் ஒரே கிரேடு என்பதால் அவர்கள் இருவருக்கும் இடையில் என்றால் மட்டும் அப்பா பார்த்ததைச் சொல்வார். ஆக, சம கிரேடு உள்ளவர்களுக்குள் மட்டும்தான் அந்தக் கோர்ட்டில் டென்னிஸ் விதிகள் நடப்பில் இருந்தன.

சின்ன வயதில் எனக்கு அப்பாவைப் பற்றிப் பெருமை தாங்காது. அவ்வளவு பெரிய மனிதர்கள் அப்பாவைக் கேட்டுத்தான் முடிவு செய்கிறார்கள் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அவர் குனிந்து தரையில் தேடுவது பந்து விழுந்த தடத்தை அல்ல, சொல்லப்போகும் பொய்க்கு முகத்தைச் சரிசெய்துகொள்ளக் கொஞ்சம் அவகாசம் என்பது பின்னால்தான் புரிந்தது.

டாக்டர் மாற்றலாகிப் போனார். புது டாக்டருக்கு மூட்டுவலி. டாக்டருக்கு மூட்டுவலி வந்தால் ஆலைக்கு என்ன நஷ்டம், ஆனால் டென்னிஸுக்கு ஆள் குறைந்துவிட்டது. தொழிலாளர் பக்கத்தில் துடிப்பான பையன்கள் நிறைய இருந்தார்கள். அவர்களைக் கூப்பிடவில்லை. பையன் ஓங்கி அடித்துவிட்டால் என்ன செய்வது? என்னைக் கூப்பிட்டார்கள். கம்பிவலைக்கு வெளியே, மோட்டார் ரூம் சுவரில், கழித்துப்போட்ட மட்டையோடு நான் பந்தடிப்பதை ஸ்டோர்ஸ் சார் பார்த்திருந்தார். ஒரு சின்னப் பெண், அதுவும் எலெக்ட்ரீஷியன் பெண்; தோற்றாலும் ஜெயித்தாலும் யாருக்கும் கௌரவக் குறைச்சல் இல்லை. "பாப்பா, நீ சும்மா பந்த இந்தப் பக்கம் தள்ளிவிட்டா போதும்" என்றார் பெரிய சார். அதுதான் எனக்குக் கிடைத்த முதல் பயிற்சி, கடைசிப் பயிற்சியும் அதுதான்.

பெரிய சார் ஆடுவதைப் பார்த்திருக்கிறீர்களா? பார்த்திருக்க மாட்டீர்கள், கொடுத்துவைத்தவர்கள். வெள்ளை அரைக்கால் சட்டைக்கு மேலே தொப்பை தனியாக ஒரு ஆட்டம் ஆடும். ஓட மாட்டார். ஆபீசில் பைல் மேஜைக்கு வருகிற மாதிரி பந்து அவரிடம் வரவேண்டும். இடுப்பு உயரத்தில், வலது பக்கம், ஒரு எட்டு தூரத்தில். அங்கே வந்தால் "ஹா" என்று ஒரு சத்தத்தோடு அடிப்பார். வேறு எங்கே வந்தாலும் பந்து போட்டவரைப் பார்ப்பார். அந்தப் பார்வை பட்டவர்களுக்கு மறுநாள் ஆபீசில் வேலை கொஞ்சம் கூடும்.

ஆகவே நான் இடுப்பு உயரத்தில், வலது பக்கம், ஒரு எட்டு தூரத்தில் போடக் கற்றுக்கொண்டேன். பந்து எந்த மூலையிலிருந்து எந்த வேகத்தில் வந்தாலும் அதே இடத்தில் போடுவேன். அவர் நெட்டுக்குப் பக்கத்தில் நின்றாலும், தண்ணீர் குடித்துவிட்டு அசைந்து அசைந்து வந்தாலும், அவர் கைக்கு வாகாகப் பந்து போய்ச் சேரும். விளையாட்டில் இதற்குப் பெயர் துல்லியம் என்கிறார்கள். வெளிநாட்டுப் பயிற்சியாளர் ஒருவர் இதை எங்கே கற்றாய் என்று ஆச்சரியப்பட்டுக் கேட்டார். காக்கா பிடித்துக் கற்றுக்கொண்டேன் என்பதை அவருக்கு எந்த பாஷையில் சொல்வது? வருஷக்கணக்கில் ஒருவர் கைக்கு வாகான இடத்தைத் தேடித் தேடிப் பந்து போட்டவளுக்கு, வாகில்லாத இடம் எது என்று தெரியாமலா போகும்? என் ஆட்டத்தின் ரகசியம் முழுக்க இவ்வளவுதான். இதற்காக வேண்டுமானால் பெரிய சாருக்கு ஒரு பொன்னாடை போர்த்தலாம்.

திருச்சியில் சிறுவர் சிறுமியருக்கான போட்டி என்று கிளப்புக்குத் தகவல் வந்தபோது பெரிய சாரே என் பெயரைக் கொடுத்தார். "நம்ம கிளப் சார்பா ஒண்ணு போகட்டும்" என்றார். நான் அந்த ஒண்ணு. அப்பா லீவு போட்டு என்னை ரயிலில் கூட்டிப்போனார்.

அங்கே முதல் சுற்றுகளுக்கு நடுவர் கிடையாது. அவரவர் பக்கம் விழும் பந்தை அவரவரே உள்ளே வெளியே என்று சொல்லவேண்டும். விதியைச் சொன்னார்கள், தலையாட்டினேன். எதிரே சென்னையிலிருந்து வந்த பெண். அவள் அம்மா வேலிக்கு வெளியே தொப்பியும் கறுப்புக் கண்ணாடியுமாக மடக்கு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் என் அப்பா, சலவைச் சட்டையோடு நின்றுகொண்டிருந்தார். உட்காரும்படி யாரும் சொல்லவில்லை, அவரும் சொல்லாமல் உட்காருகிற ஆள் இல்லை.

அந்தப் பெண் அடித்த பந்து கோட்டுக்கு வெளியே நன்றாகத் தள்ளி விழுந்தது. எனக்கு வாய் வரவில்லை. பழக்கம் அப்பாவைப் பார்க்க வைத்தது. அப்பா என்னைப் பார்க்கவில்லை. பக்கத்திலிருந்த மடக்கு நாற்காலியையும் கறுப்புக் கண்ணாடியையும் காரின் சாவியையும் ஒரு முறை பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து, உள்ளே என்று மெல்லத் தலையாட்டினார். "இன்" என்றேன். அவர்கள் காரில் வந்தவர்கள், நாங்கள் ரயிலில் வந்தவர்கள். கிரேடு அங்கேயே முடிவாகிவிட்டது.

ஆட்டம் முழுக்க அப்படித்தான். அந்தப் பெண்ணே ஒரு கட்டத்தில் குழம்பிப் போய், "நிஜமாவே இன்னா?" என்று கேட்டாள். நான் அவளுக்கு உறுதி கொடுத்தேன். உலகத்தில் எங்கேயாவது ஒருத்தி, எதிராளிக்கு அவள் கேட்காத புள்ளிகளைக் கொடுத்துக் கொடுத்துத் தோற்றிருப்பாளா? எங்கள் குடியிருப்பில் பிறந்தவளால்தான் அது முடியும்.

திரும்பி வரும் ரயிலில் கேட்டேன்.

"அது வெளியப்பா."

"தெரியும் பாப்பா."

"அப்பறம் ஏன் தலையாட்டுனீங்க?"

"பெரிய எடத்து ஆளுங்க மாதிரி இருந்தாங்க. நாளப்பின்ன எங்கயாச்சும் பாக்க வேண்டிவரும். எதுக்கு வம்பு?"

அன்றைக்கு எனக்கு அப்பாமேல் வந்தது கோபம் இல்லை. கோபம் வந்தால் கத்தித் தீர்த்திருப்பேன். வந்தது இளக்காரம். பெற்றவர்மேல் இளக்காரம் வந்தால் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று யாரும் சொல்லித் தருவதில்லை. அரியலூர் வரும்வரை ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இந்த மனிதர் ஒரே ஒரு முறை, ஒரே ஒரு பந்துக்கு, கண்ணால் பார்த்ததை வாயால் சொல்லிக் கேட்டுவிட வேண்டும் என்று ஒரு வீம்பு அன்றுதான் எனக்குள் வந்தது. பின்னால் எத்தனையோ ஜெயித்தேன், எதுவும் அந்த வீம்பைக் குறைக்கவில்லை.

அடுத்தடுத்த போட்டிகளுக்கு அப்பாவை வேலிப் பக்கம் வரவேண்டாம் என்று சொல்லிவிட்டேன். என் பக்கத்துக் கோட்டை நானே பார்த்தேன். ஜெயிக்கவும் ஆரம்பித்தேன். 'அவுட்' என்று முதன்முதலாகச் சத்தமாகச் சொன்னபோது, கெட்ட வார்த்தை பேசிவிட்டவள் மாதிரி காது சுட்டது. பிறகு அதில் ஒரு ருசி வந்துவிட்டது.

அந்த ருசியோடு ஒருநாள் கிளப் கோர்ட்டில் இருந்தபோது பெரிய சார் ஒரு பந்தை வெளியே அடித்தார். கொஞ்சம் வெளியே இல்லை. ஒரு மாட்டுவண்டி திரும்புகிற அளவுக்கு வெளியே.

"அவுட் சார்" என்றேன்.

ஸ்டோர்ஸ் சார் தன் ஷூ கயிற்றைக் கட்டக் குனிந்துகொண்டார். கணக்கு சாருக்கு அந்த நேரத்தில் மட்டையின் நரம்பைச் சரிபார்க்க வேண்டியிருந்தது. தூரத்தில் கல் உடைக்கும் கிரஷர் சத்தம் மட்டும் கேட்டது. பெரிய சார் கோபப்படவில்லை, சிரித்தார்.

"என்னப்பா, ஒன் பொண்ணு அவுட்டுங்கறா. உள்ளயா வெளியயா?"

அப்பா வந்தார். முழங்காலில் கை ஊன்றினார். அவருக்கும் எனக்கும் நடுவில் பந்தின் தடம் கோட்டை விட்டு விலகித் தூசியில் தெளிவாகக் கிடந்தது. நான் அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை.

"உள்ளதாங்க சார். வெயிலு கண்ணுல பட்டு பாப்பா சரியா பாக்கல."

வெயில் போய் வெகு நேரமாகியிருந்தது. விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. அவற்றைப் போட்டதும் அவர்தான்.

மட்டையை பெஞ்சில் வைத்துவிட்டு வீட்டுக்கு நடந்தேன். மறுநாள் கோர்ட்டில் அதிகாரிகள் குடும்பத்தாருக்கு மட்டுமே அனுமதி என்று சொல்லிவிட்டார்கள். அடுத்த வாரம் அப்பாவைக் கிளப் வேலையிலிருந்து எடுத்து கிரஷர் பக்கம் ஷிப்டில் போட்டார்கள். அதற்கும் இதற்கும் சம்பந்தம் இருப்பதாக யாரும் சொல்லவில்லை. அந்த ஊரில் எதையும் யாரும் சொல்ல மாட்டார்கள். பொய்யும் சொல்லி, அந்தப் பொய்க்கான கூலியும் கிடைக்காமல், தண்டனையும் வாங்கிக்கொண்ட மனிதர் என் அப்பா. தலையெல்லாம் கல்தூசியோடு வீட்டுக்கு வருவார். என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

ஆடுவதற்கு இடம் தேடிப் பெரம்பலூர் போனேன். அங்கே வயல்காட்டுக்கு நடுவில் ஒரு தனியார் கல்லூரி. பிளஸ் டூ முடித்ததும் அதன் தாளாளர் எனக்கு இலவசமாக இடம் கொடுத்தார், ஹாஸ்டலும் கொடுத்தார். விளம்பரத்தில் போட்டோ போடலாம் என்ற கணக்கு. முதல் சந்திப்பில் அவர் கேட்ட கேள்வி, "உங்க டீம்ல எத்தன பேரும்மா?" என்பது. நான் ஒருத்திதான் சார் என்றேன். மற்றவர்கள் எப்போது வந்து சேருவார்கள் என்று கேட்டார்.

கல்லூரியில் டென்னிஸ் கோர்ட் இருந்தது, ஆய்வுக்கு வருகிறவர்களுக்குக் காட்டுவதற்காகக் கட்டியது. ஆய்வு முடிந்தபின் அது தாளாளரின் மக்காச்சோளம் காயவைக்கும் களம். பாடாலூர்ப் பக்கத்து அவருடைய காட்டிலிருந்து டிராக்டரில் வந்து இறங்கும். அறுப்புக் காலத்தில் எனக்குப் பாதிக் கோர்ட்தான், மறுபாதியில் சோளம். காலையில் நானே பெருக்கிவிட்டு ஆடுவேன். பெருக்கியும் விட்டுப்போன மணியில் பட்டுப் பந்து எந்தப் பக்கம் எகிறும் என்று சொல்ல முடியாது. காவல்காரர் என்மேல் வருத்தமாக இருப்பார். "சோளம் தெறிக்குதும்மா, பாத்து அடிங்க" என்பார். ஹாஸ்டல் பையன்கள் சிலர் ஆட வந்தார்கள். ஒரு பெண்ணிடம் ஒரு புள்ளி கூட எடுக்க முடியவில்லை என்றதும் அவர்களுக்கெல்லாம் ஒரே நேரத்தில் பரீட்சை வந்துவிட்டது.

அங்கிருந்து சென்னை, அங்கிருந்து வெளியூர்கள், வெளிநாடுகள். இதையெல்லாம் விரிவாகச் சொன்னால் நான் பெரிய சாதனை செய்துவிட்டேன் என்று நினைத்துக்கொள்வீர்கள். தொழில்முறை ஆட்டக்காரி என்றால் வருஷத்தில் பாதி நாள் பெயர் வாயில் நுழையாத ஊர்களில், குளியலறைத் தொட்டியில் சாக்ஸ் துவைத்துக் காயப்போட்டுக்கொண்டு இருப்பவள். முதல் சுற்றில் தோற்றால் மறுநாள் அடுத்த ஊர். செந்துறை அத்தை ஒவ்வொரு பொங்கலுக்கும் கேட்பாள்: "இம்புட்டு ஊரு சுத்தியும் ஒரு ரயில்வே வேல கூடக் குடுக்க மாட்டேங்கறாங்களா?" விளையாட்டு என்பது அரசாங்க உத்தியோகத்துக்குப் போகும் வழி, நான்தான் வழி தவறி விளையாட்டிலேயே நின்றுவிட்டேன் என்பது என் சொந்தக்காரர்கள் அத்தனை பேரின் முடிவு.

நடுவர்களிடம் சண்டை போடுகிறவள் என்று எனக்கு ஒரு பெயர் உண்டு. கோட்டுப் பக்கம் விழுந்த பந்தை எவராவது தப்பாகச் சொன்னால் எனக்குக் கண் மண் தெரியாது. இப்போது பெரிய போட்டிகளில் கோட்டருகே ஆள் இல்லை. கேமரா பார்க்கிறது, எந்திரக் குரல் 'அவுட்' என்கிறது. அந்தக் குரலை முதல் தடவை கேட்டபோது, ஆட்டத்தின் நடுவில், எனக்கு அழுகை வந்துவிட்டது. எதிரே ஆடியவள் எனக்குக் கால் பிசகிவிட்டது என்று நினைத்தாள். எந்திரத்துக்குக் கிரேடு தெரியாது. யார் காரில் வந்தார், யார் ரயிலில் வந்தார் என்று அது பார்ப்பதில்லை.

இந்த வருஷம் ஒரு போட்டியில் ஜெயித்தேன். அது டி.வி.யில் வந்தது. டி.வி.யில் வந்ததும் ஊருக்கு என்மேல் பாசம் பொங்கிவிட்டது. மண்டபத்தில் பாராட்டு, அதன்பின் ஆலைக் குடியிருப்பில் புதிதாக நீலச் சாயம் அடித்த கோர்ட்டில் பெரிய சாரோடு ஒரு காட்சி ஆட்டம். முடியாது என்றேன். அப்பா போன் செய்தார். ஓய்வு பெற்று, செந்துறை ரோட்டில் நாங்கள் வாங்கிய வீட்டில் அம்மாவோடு இருக்கிறார்.

"வந்துட்டுப் போயேன் பாப்பா. என்னய அம்பயரா ஒக்கார வெக்கறாங்களாம். நாலு பேரு முன்னாடி" என்றார்.

எனக்குப் பழைய வீம்பு எழுந்து உட்கார்ந்தது. "வரேன். ஆனா ஒண்ணு. நீங்க கண்ணால பாத்தத மட்டும்தான் சொல்லணும்."

"சொல்லாம என்னம்மா? இப்ப யாரு இருக்கா நமக்கு மேல?"

நியாயமான கேள்வி. பெரிய சாருக்குப் பதவி இல்லை, அப்பாவுக்கு ஷிப்ட் இல்லை, பிடுங்குவதற்குக் குவார்ட்டர்ஸ் இல்லை. இனி யாராலும் அவரை ஒன்றும் செய்ய முடியாது. வந்தேன்.

சாயங்காலம் குடியிருப்பே கோர்ட்டைச் சுற்றி நின்றது. எங்கள் பக்கத்துக் கம்பிவலை இன்னும் இருந்தது, தொழிலாளர்கள் அதற்கு வெளியே நின்றார்கள். அப்பா உயரமான நாற்காலியில் கைதாங்கலாக ஏற்றப்பட்டார். புதுச் சட்டை, கழுத்தில் யாரோ போட்ட துண்டு. மேலே உட்கார்ந்து என்னைப் பார்த்துச் சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. இன்றைக்குச் சொல்லிவிடுவார் என்று நம்பினேன்.

பெரிய சாருக்கு வயதாகியிருந்தது, தொப்பைக்கு ஆகவில்லை. கொஞ்ச நேரம் அவர் கைக்குப் போட்டேன். பிறகு ஒரு பந்தை அவர் "ஹா" என்று அடித்தார். அது கோட்டைத் தாண்டி முழங்கை நீளத்துக்கு வெளியே விழுந்தது. நீலத் தரை, வெள்ளைக் கோடு, மஞ்சள் பந்து. கம்பிவலைக்கு வெளியே நின்ற கைக்குழந்தைக்குக்கூடத் தெரிந்திருக்கும்.

பெரிய சார் நாற்காலியை அண்ணாந்து பார்த்தார். முகம் முழுக்கச் சிரிப்பு. "என்னப்பா, உள்ளயா வெளியயா?"

பழைய ஆட்கள் ரசித்துச் சிரித்தார்கள். அப்பா அவ்வளவு உயரத்தில் உட்கார்ந்திருந்தும், முழங்காலில் கை ஊன்றிக் குனிந்தார். கொஞ்சம் யோசித்தார்.

"உள்ளதாங்க சார். கோட்டத் தொட்டுருக்கு."

கைதட்டல். அந்தக் கைதட்டலில் நின்றுகொண்டு அத்தனை பேரையும் மனதார வெறுத்தேன். தட்டியவர்களை, சிரித்தவர்களை, கையை உயர்த்தி அதை ஏற்றுக்கொண்ட கிழவரை, மேலே உட்கார்ந்திருந்தவரையும் சேர்த்துத்தான். அடுத்த பந்து என் கையில் இருந்தது. பெரிய சாரால் இந்த ஜென்மத்தில் எட்ட முடியாத மூலை எது என்று எனக்குத் தெரியும். கோட்டின்மேலேயே வைப்பதாக இருந்தேன். உள்ளே என்று சொல்லட்டும், இல்லை பெற்ற பெண்ணின் பந்தை ஊர் முன்னால் வெளியே என்று சொல்லட்டும், இரண்டில் ஒன்று பார்த்துவிடுவது என்று நாற்காலியை நிமிர்ந்து பார்த்தேன்.

அப்பா என்னைப் பார்க்கவில்லை. துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். இன்னொரு கையால் நாற்காலிக் கம்பியை இறுகப் பிடித்திருந்தார். அவர் பார்த்துக்கொண்டிருந்தது என் கையிலிருந்த பந்தை. அது எங்கே போய் விழப்போகிறதோ என்று பயந்துகொண்டிருந்தார். பெரிய சாருக்குப் பயப்படவில்லை, பயப்பட இனி ஒன்றும் இல்லை. மறுபடி கேட்டுவிடுவார்களே என்ற பயம். கோட்டுப் பக்கம் போன ஒவ்வொரு பந்தும் அத்தனை வருஷமும் அவரிடம்தான் போய் நின்றிருக்கிறது.

பந்தை மேலே போட்டு அடித்தேன். நெட்டுக்கு மேலே உயரமாக, சர்வீஸ் கட்டத்தின் நட்ட நடுவில். பெரிய சார் திருப்பி அடித்த பந்து எங்கே போனாலும், கோட்டுக்குப் போவதற்கு முன்னால் ஓடி எடுத்தேன், வெளியே போகிற பந்தைக்கூட அந்தரத்திலேயே எடுத்துத் திருப்பினேன். இடுப்பு உயரத்தில், வலது பக்கம், ஒரு எட்டு தூரத்தில். வெளிநாட்டில் பரிசுக்கு ஆடியபோதுகூட நான் அப்படி ஓடியதில்லை. பெரிய சார் ஜெயித்தார். மாலை போட்டார்கள். நல்ல பெண், குருவை மறக்காத பெண் என்று பேசிக்கொண்டார்கள்.

இருட்டுவதற்குள் அப்பாவின் மொபெட்டில் பின்னால் உட்கார்ந்து வீட்டுக்குக் கிளம்பினேன். கார் அனுப்புவதாகச் சொன்னார்கள், வேண்டாம் என்றுவிட்டேன்.

"கடசில நல்லா ஆடுன பாப்பா" என்றார் அப்பா.

"என்னத்த நல்லா ஆடுனேன்? அந்த ஆளு கைக்குக் கைக்குப் போட்டேன்."

"அதத்தான் சொல்றேன். அப்பறம் ஒரு பந்துக்குக்கூட என்னயக் கேக்கற மாதிரி நீ வெக்கல."

எதிரே சுண்ணாம்புக்கல் லாரிகள் வரிசையாக வந்துகொண்டிருந்தன. அப்பா ஒவ்வொன்றுக்கும் வண்டியை மண்ணில் இறக்கி வழிவிட்டு, மறுபடி ரோட்டில் ஏற்றி ஓட்டினார். நான் அவர் தோளைப் பிடித்துக்கொண்டேன்.